உறங்கினால் பாஸ்

களியக்காவிளைச் சந்திப்பில் காலை ஆறரை மணிக்கு நின்றால், இரண்டு மாநிலத்து பஸ்களும் ஒரே மாதிரிப் புகை கக்குவதைப் பார்க்கலாம். தெற்கே போகும் பஸ்ஸில் 'மார்த்தாண்டம்' என்று தமிழ்ப் பலகை. வடக்கே போகும் பஸ்ஸில் 'திருவனந்தபுரம்' என்று மலையாளப் பலகை. டீக்கடையில் 'டீ' என்று கேட்டாலும் தருகிறார்கள், 'சாயா' என்று கேட்டாலும் தருகிறார்கள். பாத்திரம் ஒன்றுதான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் நின்ற யாரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை. சிவப்பாக, கூரை திறந்து, ஆள் இடுப்பை எட்டாத உயரத்தில் ஒரு கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. சான் ஸ்டார்ம். 1990களின் இறுதியில் கோவாவிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் உடம்பு, ரெனோ கம்பெனியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரை சக்தி. இன்று மளிகை வாங்கப் போகிற குடும்பக் கார்கள் பலவற்றுக்கு இதைவிட சக்தி அதிகம். ஆனால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு? "ஃபெராரியா?" என்று ஒருவர் கேட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த என் அக்கா மகன் அதை மறுக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் மடக்கிய குடையுடன் ஒரு பெரியவர். வயது 74. பாறசாலைப் பக்கம் எல்லாருக்கும் அவர் 'ஆசான்'. களரி ஆசானோ வைத்திய ஆசானோ அல்ல. கேரள அரசு பஸ்ஸை 28 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொழில் தெரிந்த மூத்த டிரைவரை இந்தப் பகுதியில் அப்படித்தான் அழைப்பார்கள். வண்டியில் ஏறியதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஷூ வேண்டா. கழற்று மோனே."

பையன் கழற்றினான். இரண்டு பேர் உட்காரும் கார் என்பதால் மூன்றாவது ஆளான நான் என் பழைய மாருதி 800இல் பின்னால் போவதென்று ஏற்பாடு. களியக்காவிளையிலிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்கு சுமார் 12 கிலோமீட்டர். பரீட்சைக்கு விதி ஒன்றே ஒன்று. நெய்யாற்றின்கரை போய்ச் சேருவதற்குள் ஆசான் உறங்கிவிட வேண்டும். உறங்கினால் பாஸ், கார் பையனுக்கு. உறங்காவிட்டால் கார் விற்பனைக்கு.

விஷயம் ஜூலை மாதம் ஆரம்பித்தது. பையன் துபாயில் ஏழு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவன். சின்ன வயதில் அவன் அறைச் சுவரில் நரேன் கார்த்திகேயன் படம்தான் இருக்கும். ஊருக்கு வந்ததும் பெங்களூரில் யாரிடமோ தேடிப் பிடித்து இந்த காரை வாங்கினான். முதல் இரண்டு மாதம் கார் ஓடியதைவிட அதைத் துடைக்கும் துணிதான் அதிகம் ஓடியது. ஒரு மழை நாளில் உதியன்குளங்கரையிலிருந்து செங்கல் பக்கம் போகும் குறுகலான சாலையில், ஓர் இடது வளைவு. இரண்டாவது கியரில் ஒரே அழுத்தாக அழுத்தினான். கார் திரும்ப மறுத்து நேராக வெளிப்பக்கம் போகப் பார்த்தது. பயந்துபோய் காலைப் படக்கென்று எடுத்தான். உடனே பின்பக்கம் சறுக்கி, வண்டி அரைவட்டம் சுற்றி, ஒரு வீட்டின் செம்மண் கையாலையில் மோதி நின்றது.

அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. காருக்கு இடது கன்னம் போயிற்று. ஃபைபர் வேலை தெரிந்த ஒர்க்‌ஷாப் கிடைக்காமல், பூவாறு பக்கம் மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டும் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சரி செய்தார்கள். உற்றுப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் காருக்கு வள்ளத்தின் சாயல் தெரியும்.

காரை விடுங்கள். வண்டி மோதிய அதே இடத்தில், இரண்டு நிமிடத்துக்கு முன்னால் டியூஷன் முடிந்த பிள்ளைகள் குடையோடு நின்றிருந்தார்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். இதை அக்காவிடம் சொன்னது அந்த வீட்டுக்கார அம்மாள். அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மகனைக் கூப்பிட்டு, "காரை வித்துரு, இல்லேன்னா ஒழுங்கா ஓட்டப் படி" என்றாள். "லைசென்ஸ் இருக்கும்மா" என்றான் அவன். "லைசென்ஸை எங்கிட்ட காட்டாதே. ஆசான்கிட்ட போய் காலைக் காட்டு."

அக்கா ஆசானைச் சொன்னதற்குக் காரணம் எங்கள் அம்மா. எட்டு வருடத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குக் கூட்டிவர ஒரு வாடகைக் கார் பிடித்தோம். டிரைவர் கெட்டவர் அல்ல, சின்ன வயசு, அவ்வளவுதான். சிக்னலில் இருந்து ஒரு பாய்ச்சல், முன்னால் பஸ்ஸைக் கண்டதும் ஒரு பிரேக், மறுபடி பாய்ச்சல். பின் இருக்கையில் தலையணைகளுக்கு நடுவே கிடந்த அம்மா, தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள். பாலராமபுரம் வந்தபோது, "என்னை இங்கேயே இறக்கி விடு, நான் பஸ்ஸில் வந்துக்கறேன்" என்றாள். நடக்க முடியாதவள் சொன்ன வார்த்தை அது.

தையல் பிரிக்கப் போகவேண்டிய நாளில் யாரோ ஆசானைச் சொன்னார்கள். ஒரு பழைய அம்பாசடரோடு வந்தார். அந்தக் காரில் தவறில்லாத பாகம் என்று எதுவும் இல்லை. ஆனால் ஊர்ப்பட்ட நெரிசலில் வண்டி எப்போது கிளம்புகிறது, எப்போது கியர் மாறுகிறது, எப்போது நிற்கிறது என்றே தெரியவில்லை. மெதுவாக ஓட்டினார் என்று நினைக்காதீர்கள். மற்ற வண்டிகளோடுதான் போனோம். திரும்பி வருகையில் நெய்யாற்றின்கரை தாண்டியபின் பின்னாலிருந்து சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் அவள் உறங்கியது அன்றுதான். அம்மா இப்போது இல்லை. அந்த உறக்கத்தை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள்.

ஆசானின் சாலையும் லேசுப்பட்டதல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1938 பிப்ரவரியில் அரசு பஸ்களை ஓடவிட்டபோது, முதல் வழித்தடம் திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளைக்குத்தான். அதற்காக லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்டர் என்ற ஆங்கிலேயரை அழைத்து வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சேசிஸ், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின், உள்ளூரில் கட்டிய மரக்கூடு. மகாராஜா சித்திரைத் திருநாள் குடும்பத்தோடு ஏறிக்கொள்ள, தொடக்க நாளில் சால்டரே பஸ்ஸை ஓட்டினார். பின்னால் மகாராஜா உட்கார்ந்திருக்கும்போது சால்டரின் வலது கால் எவ்வளவு பதவிசாக நடந்துகொண்டிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அப்போது எல்லை கிடையாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரை தாலுகாவும் இருந்தது. அது கேரளத்தோடு நின்றது. கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவில் விழுந்தது. அதனால் பெரியம்மா ஒரு மாநிலம், சித்தி ஒரு மாநிலம் என்றான குடும்பங்கள் இங்கே ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று. பேச்சில் மட்டும் கோடு சரியாக விழவில்லை. ஆசான் பேசுவது தமிழா மலையாளமா என்று ஒரு வாக்கியம் முடிந்த பிறகுதான் தீர்மானிக்க முடியும். சில சமயம் முடிந்த பிறகும் முடியாது.

மூன்று வாரம், தினமும் சாயங்காலம், பாறசாலை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் பாடம் நடந்தது. காரோடு பக்கம் புதிய பைபாஸ் இருக்கிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டர், முழுக்க கான்கிரீட். பையனுக்கு அங்கே போகத்தான் ஆசை. ஆசான் தலையசைத்து மறுத்துவிட்டார். "அங்க யாரும் ஓட்டலாம். ஆடு, ஆட்டோ, அம்மச்சி மூணும் உள்ள இடத்தில ஓட்டிக் காட்டு."

முதல் மூன்று நாள் குதிகாலுக்கே போயிற்று. வலது குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு மட்டும் பெடலைத் தொட வேண்டும். பாதம் கதவுக் கீல் மாதிரி மடங்க வேண்டுமே தவிர, கால் முழுதும் மேலிருந்து இறங்கக் கூடாது. காரணம் எளிது. காலைத் தூக்கி வைத்து ஓட்டினால், பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது காலும் குலுங்கும். கால் குலுங்கினால் பெடல் ஆடும். பெடல் ஆடினால் எஞ்சின் ஒருமுறை இழுக்கும், ஒருமுறை விடும். அந்தக் குலுக்கலில் கால் இன்னும் ஆடும். முதல் கியரில் புது டிரைவர்களின் கார் தவளை மாதிரி துள்ளுவது இதனால்தான். முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு விசை சக்கரத்துக்குப் போகும்போது 12 முதல் 15 மடங்கு வரை பெருகிவிடும். கால் விரல் செய்கிற சின்னப் பிழையும் அதே அளவு பெருகும். ஷூவின் தடித்த அடிப்பாகம் வழியாக அந்தச் சின்ன அசைவு தெரியாது என்பது ஆசானின் கட்சி. ரேஸ் ஓட்டுகிறவர்கள் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போடுவதும் இதற்காகத்தான் என்று பையன் பிறகு ஒப்புக்கொண்டான்.

அடுத்தது பெடலின் முதல் அரை அங்குலம். பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. பெடலை அழுத்தினால் அது திரும்பிக் காற்றுக்கு வழிவிடும். இதற்கு ஆங்கிலத்தில் 'த்ராட்டில்' என்று பெயர். தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் கார் கையேடு ஒன்றைத் தமிழாக்கியபோது நான் இந்தப் பெடலுக்கு 'முடுக்கி' என்று போட்டேன். அந்தச் சொல்லை ஆசானிடம் சொன்னேன். "மாட்டையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் மொழிபெயர்ப்புப் பற்றி அவரிடம் பேசவில்லை.

தகட்டின் குணம் மதகின் குணம்தான். மூடியிருந்த மதகை விரற்கடை தூக்கினால் பாய்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே பாதி திறந்த மதகை இன்னொரு விரற்கடை தூக்கினால் பெரிய வித்தியாசம் தெரியாது. (நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004இல் நின்றுபோய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது தெரிந்தவர்களுக்கு, இங்கே மதகு என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.) குறைந்த வேகத்தில் எஞ்சின் சுற்றும்போது, தகடு கால்வாசி திறப்பதற்குள்ளேயே அதற்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே அந்த முதல் அரை அங்குலத்தில்தான் எல்லாக் காரியமும் இருக்கிறது. அதைத் தாண்டியபின் எவ்வளவு தைரியமாக அழுத்தினாலும் வண்டி அதிகம் கோபித்துக்கொள்ளாது. பையன் செய்துகொண்டிருந்தது நேர் எதிர். ஆரம்பத்தில் குத்துவான், பிறகு தயங்குவான்.

ஆசான் ஓட்டிய டீசல் பஸ்ஸில் இப்படிக் காற்றை மூடும் தகடு கிடையாது. அங்கே பெடல் அளப்பது டீசலை. ஆனால் பாதத்துக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை என்றார். பழைய கார்ப்பரேட்டர் கார்களில் இன்னொரு தொல்லை இருந்தது. சட்டென்று மிதித்தால் காற்று முதலில் ஓடிவந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். எஞ்சின் ஒரு கணம் விக்கும். அதை ஈடுகட்ட ஒரு குட்டி பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும். அம்பாசடரிலும் பத்மினியிலும் பழகியவர்களுக்குக் கால் பதமானது இந்த விக்கலால்தான். இன்றைய கார்கள் பலவற்றில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்பியே கிடையாது. கால் என்ன கேட்டது என்று கம்ப்யூட்டர் பார்த்து, அது நியாயம் என்று நினைப்பதைத்தான் எஞ்சினுக்குத் தரும். மோசமான காலையும் அது ஓரளவு மறைத்துவிடும். பையனின் காரில் இருப்பது கேபிள். மறைக்க ஆளில்லை.

இரண்டாவது வாரம் முழுக்க 'தொய்வு' பாடம். எஞ்சினிலிருந்து சக்கரம் வரை எத்தனையோ பற்சக்கரங்கள், இணைப்புகள். ஒவ்வொன்றிலும் மயிரிழை இடைவெளி உண்டு. காலை எடுத்திருக்கும்போது பற்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அழுத்தும்போது மறுபக்கம் போய் இடிக்கும். அந்த 'டக்' என்ற ஓசையும் முன்னால் தள்ளும் அசைவும்தான் அம்மாவை அழவைத்தவை. ஆசான் சொன்ன உதாரணம், பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது. கயிறு தொய்ந்து கிடக்கும்போது இழுத்தால் அறும். முதலில் தொய்வை எடு, கயிறு விறைத்ததும் இழு. பெடலிலும் அப்படியே. தொட்டு, பற்கள் போய்ச் சேரும் வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு கொடுக்க வேண்டும்.

'கொடுக்க' என்றுதான் ஆசான் சொல்வார். "மிதிக்கண்டா மோனே, கொடு." நம் பக்கத்து மெக்கானிக்குகளும் 'ரேஸ் கொடு' என்றுதானே சொல்கிறார்கள்? பிரேக்கை யாரும் கொடுப்பதில்லை, போடுகிறோம். கியரும் போடுவதுதான். ஆக்ஸிலேட்டர் ஒன்றைத்தான் கொடுக்கிறோம். எம்.ஏ. வகுப்பில் வேற்றுமை உருபுக்கு மூன்று மாதம் செலவழித்த எனக்கு இது அன்றுவரை உறைக்கவில்லை.

பயணிகளை விழவைப்பது வேகம் அல்ல, வேகம் கூடுவதுகூட அல்ல. அந்தக் கூடுதல் திடீரென்று மாறுவதுதான். இயற்பியலில் இதற்கே 'ஜெர்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட், மெட்ரோ ரயில் வடிவமைப்பவர்கள் அதற்கென்று வரம்பு வைத்துக்கொள்கிறார்கள். ஒரே சீராக அழுத்தம் கூடினால் உடம்பு அதற்குத் தகுந்தபடி சாய்ந்துகொள்ளும். நின்றுகொண்டு போகிற பூவாற்று மீன்காரி ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் கூடையையும் பிடித்திருப்பாள். அவள் விழாமல் இருபத்தெட்டு வருடம் ஓட்டுவதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. "அவ விழுந்தா நான் மட்டுமில்ல, என் அம்மையும் ஏச்சு கேக்கணும்" என்கிறார் ஆசான்.

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதற்கு மீன்காரி எதற்கு என்று பையன் முதல் வாரம் என்னிடம் முணுமுணுத்தான். மூன்றாவது வாரம் வளைவுப் பாடம் வந்தபோது முணுமுணுப்பு நின்றது. டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கையின் பிடிப்பு ஒரு சம்பளம் மாதிரி. திரும்புவதற்கும் செலவழிக்க வேண்டும், இழுப்பதற்கும் செலவழிக்க வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காரில் இரண்டு செலவும் ஒரே டயரின் தலையில். வளைவில் குத்தினால் இழுப்பதற்கே பிடிப்பு தீர்ந்துபோகும், கார் திரும்பாது. பயந்து காலை எடுத்தாலோ, வண்டியின் பாரம் சட்டென்று முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்கள் இலேசாகி வழுக்கும். செங்கல் சாலையில் நடந்தது வரிசை தவறாமல் இதுதான். குத்தியது முதல் பிழை. எடுத்த விதம் இரண்டாவது பிழை. "கொடுக்கும்போ மட்டுமில்ல, திரிச்சு எடுக்கும்போதும் மெள்ள" என்றார் ஆசான்.

ஆகவே வளைவின் முடிவு கண்ணில் படுகிறவரை பெடலை ஒரே நிலையில் வைத்திரு. ஸ்டியரிங் நேராகத் திரும்பி வர வர, அதே கணக்கில் கால் கொடு. ரேஸ் பள்ளிகளில் ஸ்டியரிங்குக்கும் பெருவிரலுக்கும் ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்களாம். 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சாம்பியனான ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டூவர்ட், பெடலைத் திரும்ப விடவேண்டி வராது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே அழுத்த வேண்டும் என்பார். அவர் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் வேகமே தெரியவில்லை என்றுதான் வியந்தார்கள். கடிகாரத்துக்கு மட்டும் தெரிந்தது.

நம் ஊர் சரித்திரத்திலும் இந்தக் கால் உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் கார்கள் பறந்த காலம் போய், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. கோவையின் கரிவர்தன் மாருதியின் 800 சி.சி. எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் செய்தார். அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். பிறகு 1992இல் பிரான்சில் பந்தயப் பள்ளி, 2005இல் ஃபார்முலா ஒன். குறைந்த சக்தியுள்ள காரில் பழகியவனுக்கு ஒரு லாபம் உண்டு. வளைவில் இழந்த வேகத்தை எஞ்சின் திருப்பித் தராது. ஆகவே இழக்காமல் இருக்கப் படித்தே தீரவேண்டும். 60 குதிரை சக்தி காருக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று பையனிடம் சொன்னேன். "அதான் மாமா, ஃபெராரி வாங்கலே" என்றான்.

அகநானூற்றில் குறுங்குடி மருதனார் பாடிய தலைவன் ஒருவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரளக்கூடாது என்று தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டிவருவான். இதை ஆசானிடம் சொன்னபோது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. பிறகு கேட்டார்: "மணியைக் கட்டினா போதுமா? குதிரையை ஆரு பிடிச்சா?"

சரி, பரீட்சைக்கு வருவோம். களியக்காவிளையிலிருந்து புறப்படும்போதே வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் இந்தக் கார் கிளம்பினால் மூக்கைத் தூக்கிப் பின்புறத்தைத் தாழ்த்தும். அன்று மட்டமாகக் கிளம்பியது. எனக்கு முன்னால் இரண்டு தலைகள். கலைந்த கருப்பு முடி ஒன்று, படிய வாரிய வெள்ளை முடி ஒன்று. இஞ்சிவிளை தாண்டினோம். பாறசாலைச் சந்திப்பில் தேவாலயத்துக்குப் போகிற கூட்டம், மகாதேவர் கோயிலுக்குப் போகிற கூட்டம், இரண்டுக்கும் பொதுவாக நேந்திரம்பழம் விற்கிற வண்டி. நான் பிரேக் விளக்கு எரிவதை எண்ணிக்கொண்டே போனேன். ஒரு மாதம் முன்பு இதே பையன் பின்னால் போனபோது எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். குத்துகிறவன் பிரேக்கையும் போட்டே ஆகவேண்டும். அன்று அமரவிளை வருவதற்குள் பதினேழு முறை. நேரம் பார்த்தேன். ஒரு மாதம் முன்பு போனதைவிட ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை.

ஆனால் உதியன்குளங்கரை தாண்டியும் வெள்ளைத் தலை நிமிர்ந்தே இருந்தது. செங்கலில் 111 அடிக்குச் சிவலிங்கம் கட்டிய கோயிலுக்குப் போகிற வண்டிகள் திரும்பும் இடத்தில் ஒரு வேன் குறுக்கே வந்தது. பையன் காலை மெதுவாக எடுத்தான், காத்திருந்தான், மறுபடி கொடுத்தான். என் கார் அங்கே குலுங்கியது. அது என் பிழை. அவனைப் பார்ப்பதில் என் காலை மறந்துவிட்டேன்.

அமரவிளையில் ஒரு காலத்தில் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த வரிசை போயிற்று. சாவடி போனபின் சாலை கொஞ்சம் மூச்சு விடுகிறது. நெய்யாற்றுப் பாலத்தின் மேல் கார் ஏறியபோது, வெள்ளைத் தலை மெல்ல இடதுபக்கம் சாய்ந்தது. பாலத்தின் மறுமுனையிலும் அப்படியே இருந்தது. நான் ஹாரனில் இருந்து கையை எடுத்துவிட்டேன். நெய்யாற்றின்கரை ஊருக்குள் ஓர் ஆட்டோ திடீரென்று நின்றபோதுதான் தலை நிமிர்ந்தது.

கிருஷ்ணசாமி கோயில் பக்கம் இரண்டு காரும் நின்றன. மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவின் அடிமரம் இருப்பது இந்தக் கோயிலில்தான். பையன் இறங்கியதும் இறங்காததுமாக, "உறங்கினாரு மாமா, குறட்டையே விட்டாரு" என்றான். "ஆறு பார்த்தேன்" என்றார் ஆசான். "கண்ணை மூடிக்கிட்டா?" "வெயிலு."

அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் ஆசானிடம் கொடுத்தேன். அவர் காரை ஒருமுறை சுற்றி வந்து, வள்ளக்காரர் ஒட்டிய இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே பேசினார். "ஒரு நிமிஷம் கண்ணு அடைஞ்சு போச்சு பெண்ணே, பொய் சொல்லண்டா. ஆனா செகண்ட் கியரில இன்னும் கொஞ்சம் பாக்கி உண்டு. ஒரு மாசம் கூடி வரட்டு. அதுவரை விக்கண்டா." போனைத் திருப்பித் தந்துவிட்டு, குடையை விரித்தார்.

திரும்பிப் போக என் காரில் ஏறச் சொன்னேன். உதியன்குளங்கரை வளைவில் நான் குலுக்கியதை எப்படியோ பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. "பஸ் உண்டல்லோ" என்றார். களியக்காவிளை பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. நேராக முன்னால் போய், டிரைவரின் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, குனிந்து அவருடைய வலது காலைப் பார்க்க ஆரம்பித்தார்.